வார்டுத் திடலைப் புதுப்பிக்கும் மனுவில் நீச்சல் குளம் கேட்கலாமா?

கொருக்குப்பேட்டைவாசி

அனைவருக்கும் வணக்கம். வட சென்னையில் எங்கள் வார்டில் அடுத்து நடக்கவிருக்கும் பகுதி சபாக் கூட்டத்தில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடித் தங்கள் தேவைகளைச் சொல்லும் கூட்டம்), குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள பொது விளையாட்டுத் திடலையும், அதை ஒட்டியிருக்கும் உடற்பயிற்சிக் கூடத்தையும், சமுதாய நலக்கூடத்தையும் மேம்படுத்தக் கோரி மனு கொடுப்பதென்று சிலர் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். மனுவில் எதை முதலில் வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் ஒத்த கருத்து ஏற்படவில்லை.

உடற்பயிற்சிக் கூடத்தின் பூட்டு துருவேறிக் கிடக்கிறது. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் பெஞ்சின் ரெக்சின் கிழிந்து நுரைப்பஞ்சு வெளியே தள்ளிக்கொண்டிருப்பது தெரியும். மழைக்காலத்தில் கோல்கம்பத்தின் பக்கம் தேங்கும் தண்ணீர் வடிய வழியில்லாததால், ஐப்பசியில் நிற்கும் ஆட்டம் பொங்கலுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கபடி பழக வரும் பெண் பிள்ளைகள் அவசரத்துக்கு வீட்டுக்குப் போகிறார்கள், போனவர்களில் பலர் அன்று திரும்பி வருவதில்லை.

இளைஞர்கள் செயற்கைப் புல்தரை கேட்கிறார்கள். பெற்றோரில் பெரும்பாலோர் நீச்சல் குளம் வேண்டும் என்கிறார்கள். காசிமேட்டுக் கடலோரப் பிள்ளைகளுக்கு நீச்சல் தானாக வந்துவிடுகிறது. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வளரும் எங்கள் பிள்ளைகளோ நீந்தத் தெரியாமலே விடுமுறை நாட்களில் கூட்டாளிகளோடு கடலுக்குப் போய்விடுகிறார்கள் என்பது அவர்களுடைய கவலை, அது நியாயமான கவலையும்கூட. பெரியவர்கள் இருப்பதைச் சீர்செய்தால் போதும் என்கிறார்கள். ஒரு வார்டு அளவில் நீச்சல் குளம் கேட்பது நடைமுறைக்கு ஒத்து வருமா? புல்தரை வந்தால் கட்டணமும் கூடவே வருமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் மனுவைச் செம்மையாக எழுத முடியும்.

பம்பு அறை

ஐயா, நீச்சல் குளம் ஒன்றின் பம்பு அறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் குளத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

குளம் கட்டுவது ஒரு முறை வரும் செலவு. அதில் தண்ணீரைத் தண்ணீராக வைத்திருப்பது தினமும் வரும் செலவு. 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் 3,75,000 லிட்டர் கொள்ளளவு ஆகிறது. 9,000 லிட்டர் லாரியாகக் கணக்கிட்டால் முதல் நிரப்பலுக்கு மட்டும் நாற்பது லாரிக்கு மேல் வேண்டும். கோடை வெயிலில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் இறங்கினாலே ஏறத்தாழ 1,500 லிட்டர் போய்விடும். மணல் வடிகட்டியைப் பின்னோட்டம் விட்டுக் கழுவும்போது வெளியேறும் தண்ணீர் இதற்கு மேல்.

நம் பகுதியில் நிலத்தடி நீர் உப்பேறிப்போனது. அந்தத் தண்ணீரை ஏற்றினால் பம்பின் உறுப்புகளும் குழாய் இணைப்புகளும் விரைவில் அரித்துவிடும், இரும்புச் சத்து இருந்தால் குளோரின் போட்டவுடன் குளமே பழுப்பேறும். ஆகவே குடிநீர் வாரியத் தண்ணீரைத்தான் நம்ப வேண்டும். கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு மீஞ்சூரில் 2010இல் ஒரு நிலையம் தொடங்கப்பட்டிருந்தாலும், குடிக்கவும் சமைக்கவும் குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருக்களின் நடுவே ஒரு குளத்தை நிரப்புவதாக இருந்தால், அந்தத் தெருக்காரர்களின் ஒப்புதல் முதலில் வேண்டும் என்பது என் கருத்து.

குளத்துத் தண்ணீர் முழுவதும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வடிகட்டி வழியே சுற்றி வர வேண்டும். தனித்த குளோரின் (அழுக்கோடு கூடாமல் கிருமியைக் கொல்ல மீந்திருப்பது) லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2 முதல் 7.8 என்ற வரம்புக்குள் இருக்கிறதா என்று ஒரே நாளில் பலமுறை சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். கண் எரிந்தால் குளோரின் அதிகமாகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு: வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கூடி உண்டாகும் சேர்மங்கள்தான் கண்ணை எரிய வைக்கின்றன, மூக்கைத் துளைக்கும் அந்த வாடையும் அவற்றினுடையதே. ஆகையால் இறங்கும் முன் ஷவரில் குளிப்பதைக் கட்டாயமாக்காத குளம், எத்தனை கோடியில் கட்டப்பட்டாலும் நல்ல குளமாக நிற்காது. உயிர்காப்பாளர் ஒவ்வொரு ஷிப்டிலும் கரையில் இருந்தே ஆக வேண்டும். அவர் வராத நாளில் கதவைத் திறக்கவே கூடாது.

இவ்வளவையும் சொல்வது வேண்டாம் என்பதற்காக அல்ல. பல ஆண்டுகளாக மாநகராட்சி நடத்திவரும் குளங்கள் என்றால் மெரினாவும் பெரியமேட்டு மை லேடீஸ் பூங்காவும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. கொருக்குப்பேட்டையிலிருந்து எட்டு வயதுப் பிள்ளையைத் தினமும் அங்கே அழைத்துப்போய் வர எந்தக் கூலித் தொழிலாளியால் முடியும்? நீங்கள் பெரிய குளம் கேட்காமல் கற்றுக்கொடுக்கும் குளம் கேளுங்கள். 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் ஆழம் போதும். 67,500 லிட்டர்தான் பிடிக்கும், ஏழெட்டு லாரியில் முடிந்துவிடும். பந்தயத்துக்கு அது உதவாது. ஆனால் பிள்ளைகள் மிதக்கவும், மூச்சடக்கவும், கரை சேரவும் பழக அதுவே தாராளம். பக்கத்து வார்டுகளின் பள்ளிகளையும் சேர்த்து மண்டல அளவில் கேட்டால் பராமரிப்புக்கு ஆள் நியமிப்பதும் எளிதாகும்.

வியாசர்பாடி கால்பந்து

புல்தரை பற்றி என் பங்குக்கு. 2024 அக்டோபரில் மாநகராட்சியின் 9 செயற்கைப் புல்தரைத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆட்டக்காரர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம் என்று மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. பத்துப் பேர் ஒரு மணி நேரம் ஆட 1,200 ரூபாய். எதிர்ப்புக் கிளம்பி ஓரிரு நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. எங்கள் பகுதியில் ஷூ வாங்க முடியாமல் வெறுங்காலோடு ஆடத் தொடங்கிய பிள்ளைகள்தான் மாநில அணி வரை போயிருக்கிறார்கள். மணிக்கணக்கில் காசு கேட்டிருந்தால் அவர்களில் ஒருவரும் திடலுக்குள் நுழைந்திருக்க முடியாது. எனவே வார்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது என்பதை மனுவிலேயே எழுதுங்கள், எந்த நேரம் யாருக்கு என்பதைக் காட்டும் பலகையை வாசலில் வைக்கவும் கேளுங்கள். பலகை இல்லாத திடலில் ஆள் பலம் உள்ள குழுவே மாலை முழுவதும் ஆடும், சின்னப் பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

செயற்கைப் புல்லின் ஆயுள் ஏறக்குறைய எட்டு முதல் பத்து ஆண்டுகள். அதுவும் தவறாமல் வாரி, ரப்பர்த் துகளை நிரப்பி வந்தால்தான். சித்திரை வெயிலில் மதியம் அதில் கால் வைக்க முடியாது. உங்கள் திடலின் நோய் தண்ணீர் தேங்குவது. அதைத் தீர்க்காமல் மேலே புல்லை விரித்தால் இரண்டு மழைக்காலத்தில் அடித்தளம் இறங்கிவிடும். முதலில் வடிகால், பிறகு மேடு பள்ளம் நிரவிச் செம்மண் போட்டு உருளை ஓட்டிய நல்ல தரை, இரவு ஆட்டத்துக்கு எல்.இ.டி. விளக்கு. இந்த மூன்றும் கிடைத்தால் எங்களைப் போன்ற பயிற்சியாளர்களுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

புது வண்ணை அம்மா

அண்ணன்கள் இருவரும் எழுதியதைப் படித்தேன். கொருக்குப்பேட்டைவாசி ஐயா தாழ்ப்பாளைப் பற்றி எழுதியிருக்கும் அந்த ஒரு வரியைத்தான் மனுவின் முதல் கோரிக்கையாக வைக்கச் சொல்வேன். என் மகள் ஏழாம் வகுப்போடு கபடியை நிறுத்தியதற்குக் காரணம் விருப்பமின்மை அல்ல, உடை மாற்ற இடமில்லாததுதான். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, தண்ணீர் வரும் குழாய், உடை மாற்றும் அறை, திடலிலிருந்து தெருமுனை வரை விளக்கு, வாரத்தில் சில மாலைகளாவது பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம், பெண் பயிற்சியாளர். குளம் வந்தாலும் புல் வந்தாலும் இவை இல்லாவிட்டால் பாதி வார்டுக்கு அது வராததற்குச் சமம்.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. வட சென்னைக்குக் கேரம் எவ்வளவு பெரிய சொத்து! 1996இல் அர்ஜுனா விருது பெற்ற சென்னையின் மரிய இருதயத்தைப் பார்த்துக் காய் பிடிக்கப் பழகியவர்கள் ஏராளம். வியாசர்பாடியின் இளவழகி 2008இல் உலக சாம்பியன் ஆனார். எங்கள் பக்கத்துக் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். இந்த விளையாட்டுக்குத் தேவைப்படுவது ஒரு அறைதான். ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். ஆட்டமில்லாத மேசை, பலகைக்கு நேர் மேலே தொங்கும் விளக்கு, மழைச் சாரல் அடிக்காத ஜன்னல், பவுடர் நமுத்துப்போகாமல் வைக்க ஒரு அலமாரி. சமுதாய நலக்கூடத்தில் ஆடலாமே என்பார்கள். முகூர்த்த நாள் வந்தால் பலகைகளை மாடிப்படிக்கு அடியில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், ஈரம் ஏறிப் பலகை வளைந்துவிடுகிறது. பூட்டிக் கிடக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு பகுதியைத் தடுத்துக் கேரம் அறையாக்கக் கேளுங்கள் ஐயா. குறைந்த செலவில் உடனடியாக முடியக்கூடிய வேலை அது.

மனு எழுதுபவர்

மனுவின் வடிவம் பற்றிச் சில செய்திகள். முதலில் அந்த நிலம் யாருடையது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பகுதியில் மாநகராட்சி, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், ரயில்வே, துறைமுகம் என்று நிலங்கள் கலந்து கிடக்கின்றன. மாநகராட்சி பராமரிக்கும் திடல் என்பதாலேயே நிலமும் மாநகராட்சிக்குச் சொந்தம் என்று கொள்ள முடியாது. பல கோரிக்கைகள் இந்த ஒரு இடத்தில் வந்துதான் நின்றுவிடுகின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கூடத்தின் கட்டட உறுதித்தன்மை ஆய்வு எப்போது நடந்தது என்பதையும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடலாம்.

நிதிக்கு வழிகள் உண்டு. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்; மாமன்ற உறுப்பினரின் வார்டு நிதி தனி; 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட வட சென்னை வளர்ச்சித் திட்டமும் இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் கட்டுவதற்கான பணம். காவலர், துப்புரவுப் பணியாளர், பயிற்சியாளர், மின்கட்டணம், உதிரிப் பாகம் ஆகியவற்றுக்கு மாதந்தோறும் எந்தத் தலைப்பில் செலவு எழுதப்படும் என்று கேட்கும் பத்தி மனுவில் இருக்க வேண்டும். உங்கள் உடற்பயிற்சிக் கூடம் பூட்டிக் கிடப்பதற்கு பயிற்சிக் கருவி குறைந்ததா காரணம், திறந்து மூட ஆளில்லாததா என்று விசாரித்துப் பாருங்கள், இந்தப் பத்தியின் அருமை தெரியும்.

கொருக்குப்பேட்டைவாசி

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. கழிப்பறையும் விளக்கும் முதலில், வடிகாலும் தரையும் அடுத்து, கூடத்தைத் திறந்து கேரம் அறை அமைப்பது மூன்றாவது என்று வரிசைப்படுத்தி எழுதத் தொடங்கியிருக்கிறோம். கற்றுக்கொடுக்கும் குளத்தை இதே மனுவில் சேர்ப்பதா, தனி மனுவாகக் கொடுப்பதா?

மனு எழுதுபவர்

தனியாகக் கொடுங்கள். வார்டுக்குள் முடியும் வேலைகளோடு குளத்தைச் சேர்த்தால், குளத்துக்கு நிதி இல்லை என்ற ஒரே பதிலில் தாழ்ப்பாளும் நின்றுவிடும். குளத்துக்கான மனுவில் சுற்றுப்புறப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களிடமும் கையொப்பம் வாங்கி, மண்டல அலுவலகத்தில் கொடுங்கள். இரண்டு மனுக்களின் நகலிலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் இருக்கட்டும். பகுதி சபாவில் வாசிக்கும்போது கோரிக்கைகளைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லி, பதிந்த பிறகே எழுந்து வாருங்கள்.