உகியோ-எ அச்சுப்படங்கள்: வாழ்க்கைப் பதிவா, விளம்பரத் தாளா?

கரிக்கோல்:
ஜப்பானின் உகியோ-எ என்ற மரப்பலகை அச்சுப்படங்களை எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து எளிய மக்களின் வாழ்க்கைப் பதிவு என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பதிப்பாளர் முதல் போட, ஓவியர் வரைய, செதுக்குபவர் செர்ரி மரப்பலகையில் வெட்ட, அச்சிடுபவர் நிறத்துக்கொரு பலகையாக ஒற்றியெடுத்து, ஏறத்தாழ ஒரு கிண்ண நூடுல்ஸ் விலைக்கு விற்ற சரக்கு அது. நடிகர் படங்கள் கபுகி நாடகக் கொட்டகைகளுக்கும், பெண்களின் படங்கள் எடோவின் பாலியல் தொழில் பகுதியான யோஷிவாராவின் விடுதிகளுக்கும் ஆள் பிடித்தன. குடும்பக் கடனுக்காகச் சிறுவயதிலேயே விற்கப்பட்டவர்களைப் பட்டாடையில் நிறுத்திக் காட்டியதைப் பதிவு என்று எப்படிச் சொல்வது?

மரப்பலகை:
சரக்கு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விலைக்கு விற்றதெல்லாம் பொய்யாகிவிடுமா? யோஷிவாராவின் ஒரு நாளை 12 பொழுதுகளாகப் பகுத்து ஓவியர் உதாமாரோ வரைந்த வரிசையில், பின்னிரவுக்குரிய படத்தைப் பாருங்கள். தூக்கம் கலையாத பெண்ணொருத்தி, எரியும் காகிதத் திரியை ஒரு கையில் பிடித்தபடி, காலால் செருப்பைத் துழாவுகிறாள். இதில் என்ன ஆடம்பரம் இருக்கிறது? 1794இல் ஓவியர் ஷராகு, காக்காய்ப்பொன் துகள் மினுங்கும் கரும்பின்னணியில் நடிகர்களின் முகங்களைப் பெரிதாக வரைந்தபோது, பெண் வேடமிட்ட ஆண்களின் தடித்த தாடையைக்கூட மறைக்கவில்லை.

கரிக்கோல்:
ஷராகு எனக்கல்லவா சாட்சி! பத்து மாதங்களில் அவருடைய படங்கள் நின்றுபோயின. அளவுக்கு மீறி உள்ளபடியே வரைய முயன்றதால் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை என்று பழைய குறிப்பொன்றே சொல்கிறது. நீங்கள் சொன்ன இருவரின் படங்களையும் வெளியிட்ட சுதாயா ஜூசபுரோ, யோஷிவாராவிலேயே பிறந்தவர். எந்த விடுதியில் எந்தப் பெண் இருக்கிறாள் என்று பட்டியலிடும் கையேட்டையும் விற்றவர். அந்தத் தூக்கக் கலக்கமும் உள்ளறையை எட்டிப் பார்க்கும் ஆசைக்குப் போட்ட தீனியே.

மரப்பலகை:
அப்படியானால் ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட பூனைப் படத்தை எதில் சேர்ப்பீர்கள்? யோஷிவாரா விடுதியின் மாடியறையில், கம்பிச் சன்னலோரம் ஒரு வெள்ளைப் பூனை அமர்ந்து, தொலைவில் வயல்வெளியில் செல்லும் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தரையில் கொண்டை ஊசிகள் கிடக்கின்றன, பெண்ணைக் காணவில்லை.

கரிக்கோல்:
அதைப் பதிவாக ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. அது எடோவின் இடங்களைக் காட்டும் வரிசையில் வந்த படம். குறிப்பிட்ட விடுதியையோ பெண்ணையோ அது முன்னிறுத்தவில்லை. பெயர் பொறித்து வந்த அழகியர் படங்களைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.