பாப்பிரஸ் தாள் காய்ந்ததும் பட்டை பட்டையாகப் பிரிகிறது, எங்கே தப்பு?

மொட்டைமாடி:
வணக்கம். மகளின் பள்ளியில் எகிப்து பற்றிக் கண்காட்சி. எல்லாரும் அட்டையில் பிரமிடு செய்வார்கள், நாம் அந்தக் கால எகிப்தியர் எழுதிய நிஜமான பாப்பிரஸ் தாளே செய்துவிடலாம் என்று வாயை விட்டுவிட்டேன். வீட்டுத் தொட்டியில் மூன்று வருடமாக பாப்பிரஸ் செடி இருக்கிற தைரியம்.

தண்டை வெட்டிப் பச்சைத் தோலைச் சீவினேன். உள்ளே இருந்த வெள்ளைச் சோற்றை நீளவாக்கில் கீறி ஒரு மணி நேரம் ஊறவைத்து, குறுக்கே ஒரு வரிசை, நெடுக்கே ஒரு வரிசை அடுக்கி வெயிலில் வைத்தேன். ரோமானியர் பிளினியும் வெயிலில் காயவைப்பதாகத்தானே எழுதியிருக்கிறார்? சாயங்காலம் பார்த்தால் வடாம் மாதிரி சுருண்டு கிடக்கிறது. தொட்டதும் ஒவ்வொரு பட்டையும் தனியாக வந்துவிட்டது. அடுத்த முறை கடைப் பசை தடவினேன். ஒட்டியது, ஆனால் விறைத்துப்போய்ச் சுருட்டினால் உடைகிறது. நைல் தண்ணீர் இல்லாததுதான் குறையா? பத்து நாள்தான் இருக்கிறது.

கோரைப்பாய்:
முதலில் செடியைப் பாருங்கள். தண்டின் உச்சியில் குடை மாதிரி தட்டையான இலைகள் விரிந்திருக்கின்றனவா, இல்லை தலைமயிர் போல மெல்லிய இழைகள் கொத்தாகத் தொங்குகின்றனவா? முதலாவது என்றால் அது வேறு கோரை. அதையும் பாப்பிரஸ் என்று சொல்லி விற்பதுண்டு. தண்டு ஒல்லி, பட்டை எடுக்க உள்ளே ஒன்றும் தேறாது.

மொட்டைமாடி:
இழைக் கொத்துதான். குறுக்கே வெட்டினால் முக்கோணம், அடியில் கட்டைவிரல் கனம்.

கோரைப்பாய்:
அப்போ செடி சரி. நைல் கரையில் இதுவே நாலைந்து மீட்டர் வளரும். நம் பாய்க் கோரைக்கு நெருங்கிய உறவு, இரண்டுமே சைபெரஸ் என்ற ஒரே பேரினம். மேல் பகுதியை விட்டுவிட்டு அடித்தண்டை எடுங்கள், பட்டை அகலமாக வரும்.

சுவடிப்பித்து:
நைல் தண்ணீரை விடுங்கள். அதன் கலங்கல் நீர் பசையாக வேலை செய்கிறது என்று எழுதிவைத்தவரும் அதே பிளினிதான், அது தப்பு. தண்டில் இருக்கிற சாறும், ஈரத்தில் நசுங்கி ஒன்றுக்குள் ஒன்று இறங்குகிற சோறும்தான் ஒட்டுகின்றன. வெயில் விஷயத்தில் அவரைத் திட்டாதீர்கள், நீங்கள்தான் பாதி வரியை விட்டுவிட்டீர்கள். முதலில் அழுத்துபொறி, அப்புறம்தான் வெயில் என்கிறார்.

ஒரு மணி நேரம் ஊறினால் போதாது. மூன்று நாளாவது ஊறட்டும், தண்ணீரை தினமும் மாற்றுங்கள். அப்புறம் பூரிக்கட்டையால் உருட்டி நீரைப் பிழியுங்கள். பட்டை ஒளி ஊடுருவுகிற மாதிரி ஆகும். ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் லேசாக ஏறும்படி அடுக்குங்கள், இடைவெளி விட்டால் அங்கேதான் பிரியும். மேலும் கீழும் பருத்தித் துணி, இரண்டு பலகை, மேலே அம்மிக்கல். துணியைக் காலையும் மாலையும் மாற்றுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். முழுக்கக் காயும்வரை பாரத்தை எடுக்கக் கூடாது. ஆவலில் நடுவில் திறந்து பார்ப்பவர்களுக்குத்தான் அது சுருள்கிறது.

வெட்கப்பட ஒன்றுமில்லை, எகிப்திலேயே இந்தக் கைவேலை மறந்துபோயிருந்தது. செடியும் அங்கே அநேகமாக அழிந்திருந்தது. 1960களில் ஹசன் ரகப் என்ற பொறியாளர் சூடானிலிருந்து செடி கொண்டுவந்து நட்டு, பல முறை செய்து பார்த்துத்தான் தாளை மீட்டார்.

பனையோலை:
தாள் வந்ததும் எழுத்தாணியை எடுத்துவிடாதீர்கள். ஓலை கீறலைத் தாங்கும், இது கிழிந்துவிடும். பாப்பிரஸுக்கு நாணல் பேனாவும் கரி மையும்தான் சரி.

எதை எழுதுவது என்று பாப்பா கேட்டால் சேரர் துறைமுகமான முசிறியைச் சொல்லுங்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம், கிரேக்கத்தில். பின்பக்கத்தில் எர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு: கங்கைப் பக்கத்துச் சடாமாஞ்சில், தந்தம் எல்லாம் வருகிறது. பிரமிடு அட்டைகளுக்கு நடுவே அது தனியாகத் தெரியும்.

மொட்டைமாடி:
ஒன்பதாம் நாள். அம்மிக்கல் ஆறு நாள் இருந்தது. அரைக்க ஒன்றுமில்லை என்று வீட்டில் பேச்சு வாங்கியது தனிக்கதை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தாள் வந்திருக்கிறது! வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கும் நெடுக்குமாகப் பழுப்புக் கோடுகள். சுருட்டினேன், விரித்தேன், உடையவில்லை. ஒரு ஓரத்தில் மட்டும் பட்டை தூக்கி நிற்கிறது. மையும் அந்தப் பக்கம் கசிகிறது.

சுவடிப்பித்து:
அந்த ஓரத்தைக் கத்தரித்துவிடுங்கள். மேற்பரப்பைச் சோழியால் அழுத்தித் தேயுங்கள். தந்தத்தாலோ சிப்பியாலோ தேய்த்து வழவழப்பாக்குவார்கள் என்று பிளினி சொல்கிறார், இதில் அவரை நம்பலாம். இழை கிடைமட்டமாக ஓடுகிற பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், பேனா தட்டாது.

மொட்டைமாடி:
பல்லாங்குழிப் பெட்டியில் சோழி கிடைத்தது. மகள் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.