குளிருக்குத் தப்பிக் கிளம்பினோம், வயல் வரப்பில் போய் நின்றோம்

நாங்கள் இருப்பது ஓஹையோவில், கொலம்பஸ் நகரத்தில். பிப்ரவரி கடைசியில் இங்கே பனி பெய்வதுகூடப் பெரிய விஷயமில்லை. பெய்து, பாதி உருகி, மறுபடி உறைந்து ரோட்டோரம் கறுப்பாகக் கிடக்கும் பாருங்கள், அதைப் பார்த்தால்தான் மனசு ஒடிந்துபோகும். பிள்ளைகள் இருவரும் காலேஜுக்குப் போன பிறகு வீடும் வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்காரர், "செருப்பு போட்டு நடக்கிற ஊராப் பாத்து ஒரு பத்து நாள் போய்ட்டு வரலாமா?" என்றார். மறுநாள் விடியும் முன் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

ஐ-77 சாலையைப் பிடித்து நேராகத் தெற்கு. வீட்டிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டியதும், வெஸ்ட் வர்ஜீனியா மலைகளில் 'சார்ல்ஸ்டன்' என்று பலகை வந்தது. "அவ்வளவுதான், வந்தாச்சு" என்று வண்டியை ஓரம் கட்டப் போனார். அது அந்த மாநிலத்துத் தலைநகரம். நாங்கள் போக வேண்டியது தென் கரோலினாவில், கடற்கரையில் இருக்கும் சார்ல்ஸ்டன். இன்னும் ஏழெட்டு மணி நேரம் இருந்தது. இந்த ஜோக்கைப் பத்து நாளும் விடவில்லை. ஊர் போய்ச் சேர்ந்தபோது இரவு. 'கடல் தெரியும் அறை' என்று பணம் வாங்கிய விடுதியில் ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம்தான் தெரிந்தது. கழுத்தை வளைத்துப் பார்த்தால் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே ஒரு முழம் கடல்! சரி, ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்க முடிந்ததே, அது போதும்.

பூக்களை முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்காகத்தானே போனோம். ஆஷ்லி ஆற்றங்கரையில் மக்னோலியா பிளான்டேஷன் என்று ஒரு தோட்டம். 1870-களிலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நாங்கள் போனபோது கமீலியா கடைசிச் சுற்றுப் பூப்பு. செடியில் இருந்ததைவிடத் தரையில் கிடந்த பூக்கள்தான் அதிகம். பாதை முழுக்கச் சிவப்பும் ரோஜா நிறமும். கமீலியாவும் நம் தேயிலையும் ஒரே இனம் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. இலையைத் தடவிப் பார்த்தால் நம்பலாம், அதே தடிப்பு, அதே பளபளப்பு. அசேலியா அப்போதுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கியிருந்தது. கரை முழுக்க அசேலியாவாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மார்ச் இரண்டாம் பாதிக்கு மேல் போங்கள். ஆனால் அப்போது பைன் மரத்து மகரந்தம் காரெல்லாம் மஞ்சள் பூசிவிடுமாம்.

அங்கே ஒரு வேலியில் மஞ்சள் கொடி ஒன்று மண்டிக் கிடந்தது. சின்னக் குழல் பூ, லேசான வாசனை. முல்லைக்குச் சாயம் அடித்த மாதிரி இருந்தது. கை தானாகப் போய்விட்டது. நாலு பூ கிள்ளித் தலையில் வைக்கப் போனேன். "மேடம், வேண்டாம், வேண்டாம்!" என்று தோட்டக்காரப் பெரியவர் ஒருவர் ஓடி வந்தார். திருடியாகப் பிடிபட்டேன் என்று நினைத்து முகமெல்லாம் சுட்டது. அவர் சொன்னது வேறு: அதன் பெயர் கரோலினா ஜெசமின், தென் கரோலினாவின் மாநில மலரே அதுதான், வேர் முதல் பூ வரை விஷம். மல்லிகைக் குடும்பமே இல்லையாம், பெயர் மட்டும்தான் அப்படி. கையைக் கழுவிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் அன்று முழுக்க என்னை 'விஷக்கன்னி' என்றுதான் கூப்பிட்டார்.

மறுநாள் மிடில்டன் பிளேஸ். 1741-ல் தொடங்கிய தோட்டம். ஆற்றை நோக்கிப் புல்வெளி படிப்படியாக இறங்க, அடியில் வண்ணத்துப்பூச்சியின் இரண்டு சிறகு போல இரண்டு குளங்கள். எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் குளத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த தண்ணீர் நிலத்தைப் பார்த்தேன். நேர்க்கோடாக ஒரு கரை, அதன் நடுவே மரத்தில் ஒரு அமைப்பு. "என்னங்க, அது மதகுதானே?" என்றேன். அவர் சென்னைக்காரர், நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. "ஏதோ பாலம்" என்றார்.

நான் பிறந்தது தலைஞாயிறு பக்கம், காவிரியின் கடைமடை. மதகு எனக்குத் தெரியாதா? அது மதகேதான். அந்த ஆற்றங்கரை முழுக்க ஒரு காலத்தில் நெல் வயல். கரைக்கு அடியில் நீளமான மரப்பெட்டியைப் புதைத்து, இரண்டு முனையிலும் கதவு தொங்கவிட்டிருக்கிறார்கள். கடல் ஏறும்போது ஆற்று நீர் பின்வாங்கி உயரும். வெளிக்கதவைத் தூக்கிவிட்டால் நல்ல தண்ணீர் வயலுக்குள் வரும். கடல் இறங்கியதும் உள்ளிருக்கும் தண்ணீரே கதவைத் தள்ளிச் சாத்திவிடும். வயலை வடிக்க இதையே திருப்பிச் செய்ய வேண்டும். நாங்கள் ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். இங்கே நாளுக்கு இரண்டு தரம் கடலே அணையைத் திறந்துவிட்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் ஏறினால் பயிர் போச்சு என்ற பயம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்று.

இதையெல்லாம் கட்டியவர்கள் யார்? மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளைந்த கரைகளிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். சேற்றில் நின்று கரை போட்டது, நாற்று நட்டது, அறுத்தது, உரலில் போட்டு உலக்கையால் குற்றியது எல்லாம் அவர்கள். அந்தப் புல்வெளிப் படிகளை வெட்டியதும் அவர்கள்தான். அவர்கள் பெயர்களை ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். சிலருக்கு வெறும் ஒற்றைப் பெயர். அதற்குப் பிறகு அந்தச் சிறகுக் குளங்களைப் படம் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் எடுத்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

சார்ல்ஸ்டனிலிருந்து பெரிய பாலம் தாண்டினால் மவுண்ட் பிளசன்ட். அங்கே 17-ம் நெடுஞ்சாலை ஓரமாகப் பலகை அடித்த சின்னச் சின்னக் கடைகளில் கூடை விற்கிறார்கள், அந்த அடிமைகளின் வழிவந்த கல்லா-கீச்சி சமூகத்துப் பெண்கள். ஒரு அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும், நாற்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். பின்னுவது என்று சொல்லக்கூடாது, தைப்பது. கடலோரத்து இனிப்புப் புல்லைக் கட்டாகச் சேர்த்து, சுற்றிச் சுற்றி வளைத்து, கிழித்த பால்மெட்டோ பனை ஓலையால் இறுக்கித் தைக்கிறார். ஊசி என்ன தெரியுமா? ஸ்பூன் காம்பை ஒடித்துக் கூராகத் தேய்த்தது. அவர் அம்மா கொடுத்ததாம். கடற்கரையெல்லாம் வீடும் ரிசார்ட்டுமாகிவிட்டதால் புல்லுக்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது என்றார்.

பின்னால் சாய்த்து வைத்திருந்த அகலமான தட்டைக் கூடை ஒன்றைக் காட்டி, "அரிசி புடைப்பதற்குத்தானே?" என்று கேட்டேன். அவர் கை நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?" நான் கூடையை வாங்கி, ஒன்றும் போடாமலேயே, அப்பத்தா சொல்லித்தந்த மாதிரி இரண்டு தட்டு, ஒரு உதறு உதறிக் காட்டினேன். அவர் எழுந்து வந்து வாங்கி, தன் வழக்கப்படி தூக்கிப் போட்டுப் பிடித்தார். அவர் கை என்னுடையதைவிட மெதுவாகப் போகிறது, கடைசியில் மணிக்கட்டில் ஒரு திருப்பு. எங்கள் முறம் மூங்கிலில் முடைவது, ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும் என்று கையாலேயே வரைந்து காட்டினேன். அரை மணி நேரம் இப்படியே போயிற்று. அப்படியும் விலையில் ஒரு டாலர் குறைக்கவில்லை! இரண்டு கை அகலத்தில் ஒன்று, 85 டாலர். "இந்தக் காசுக்கு ஊர்ல ஒரு லாரி முறம் வாங்கலாம்" என்றார் இவர். நாலு நாள் உட்கார்ந்து தைத்தது என்று அந்த அம்மா சொன்னபோது வாயை மூடிக்கொண்டார்.

மதியம் சாப்பிட்ட ரெட் ரைஸ் அப்படியே நம் தக்காளி சாதம். பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், சைவக்காரர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா, ஓக் மரங்களும் தொங்கும் ஸ்பானிஷ் மாஸும். அது பாசியே இல்லை, அன்னாசிக் குடும்பமாம். ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் கிளிஞ்சல் கல்லால் கட்டிய ஸ்பானியர் கோட்டை. வெயிலுக்கு அதன் சுவரில் சாய்ந்து தூங்கியே போனோம். அதே ஃபுளோரிடாவில் புளூ ஸ்பிரிங் ஊற்றில், குளிருக்கு ஒதுங்கிய மனாட்டி என்ற கடல்பசுக்கள் வரிசையாகக் கிடந்தன. ஊற்று நீர் வருஷம் முழுக்க 22 டிகிரி. இவை நம் பாக் நீரிணையில் இருக்கும் ஆவுளியாவுக்குச் சொந்தக்காரர்கள். வால் மட்டும் பிளவில்லாமல் தோசைக்கரண்டி மாதிரி வட்டம். குளிருக்குப் பயந்து கூட்டமாகத் தெற்கே ஒதுங்கியதில் எங்களுக்கும் சொந்தம்தான்.

திரும்பி வந்தபோது கறுப்புப் பனி அப்படியே கிடந்தது. கூடை இப்போது சமையலறையில். கடை அரிசியில் கல்லும் இல்லை, உமியும் இல்லை, புடைக்க ஒன்றுமே கிடையாது. இருந்தாலும் தட்டைப்பயறு வாங்கினால் அதில் கொட்டி, அந்த அம்மாவின் மணிக்கட்டுத் திருப்பு வருகிறதா என்று பார்க்கிறேன். பாதி தரையில் சிதறுகிறது. இவர் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொள்கிறார்.