குளிர்ந்த நீரில் வாழும் ட்ரவுட் மீனைத் தேடிச் சின்ன ஓடைக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா?

ஏரிக்கரையில் தக்கையைப் பார்த்துக்கொண்டே விராலுக்குக் காத்திருந்து பழகியவன் நான். இமாசலத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கில் பிரவுன் ட்ரவுட் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. காஷ்மீரிலிருந்து 1909-இல் குலு பக்கம் கொண்டுவந்து விட்ட மீன். நூறு வருஷத்துக்கு மேலாகக் காட்டு மீனாகவே பெருகிக் கிடக்கிறது.

முதல் பயணத்துக்கு மூன்று மாதம் திட்டம் போட்டேன். எதை? ரீல், இரண்டு தூண்டில் கோல், பதினான்கு ஸ்பின்னர் (தண்ணீரில் சுழன்று மீனை இழுக்கும் போலி இரை), மழைக்கோட்டு. லீவு கிடைத்தது ஜூனில். டெல்லியில் மணாலி பஸ் ஏறி, விடியற்காலையில் அவுட் சுரங்கத்துக்கு முன்னால் இறங்கி, ஜீப் பிடித்து பஞ்சார் வழியாகக் குஷைனி போய்ச் சேர்ந்தேன். ஆற்றைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. சிமென்ட் கரைத்துவிட்ட மாதிரி சாம்பல் நிறம், இரைச்சல், கரை முட்டும் வேகம். மேலே பனி உருகுகிற காலம் அது. ஐந்து நாளில் ஒரு கொத்தல்கூட இல்லை. தங்கிய வீட்டுக்காரர் தினமும் ராஜ்மா சோறு போட்டு, "பாய் சாப், அக்டோபரில் வந்திருக்கலாமே" என்று மட்டும் சொல்லுவார். ஐந்து நாளும் அதே வாக்கியம்.

ஊருக்குத் திரும்பித்தான் காலண்டரைச் சரியாகப் பார்த்தேன். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய அங்கே ட்ரவுட் பிடிக்கத் தடை. அந்தக் குளிரில்தான் பிரவுன் ட்ரவுட் கூழாங்கல் படுகையைக் குழித்து முட்டையிடும். மே, ஜூனில் பனித் தண்ணீர். ஜூலை, ஆகஸ்டில் மழை வெள்ளம். மிச்சம் மார்ச், ஏப்ரலும், மழை விட்ட பிறகு அக்டோபர் முடிய உள்ள நாட்களும்தான். முதலில் தண்ணீரைக் கேட்டுவிட்டு அப்புறம் மேலதிகாரியிடம் லீவு கேட்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன்.

இரண்டாவது தடவை அக்டோபர். மீன்வளத் துறையில் லைசென்ஸ் வாங்கிவிட்டு, தேசியப் பூங்கா எல்லை எங்கே தொடங்குகிறது என்பதையும் விசாரித்துக்கொண்டேன். எல்லைக்குள் தூண்டில் ஆசையை விட்டுவிட வேண்டும். பெரிய ஆற்றை விட்டு, குஷைனியில் வந்து சேரும் பலாச்சன் ஓடையோரம் மேலே ஏறினேன். சில இடங்களில் தாண்டிக் குதிக்கும் அகலம்தான். பாறைக்குக் கீழே ஒரு சின்னக் கசம், கண்ணாடித் தண்ணீர், நடுவில் மூன்று மீன் அசையாமல் நின்றன. சந்தோஷத்தில் நிமிர்ந்து நின்றேன். என் நிழல் தண்ணீரில் விழுந்தது. மூன்றும் காணோம்!

ஆடு மேய்க்க வந்த ஒரு பெரியவர் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கீழே போய்த் தவழ்ந்து வா என்று கையால் காட்டினார். ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும். பின்னாலிருந்து வந்தால் தெரியாது. முட்டி தேய அடுத்த கசத்துக்குப் போய், நீளக் கோலை மரக்கிளையில் இரண்டு முறை மாட்டி (ஆறடிக் கோலே போதும் அங்கே), மூன்றாவது வீச்சில் இழுத்தது. ஒரு சாண் இருக்கும். வெளிறிய வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி. கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளை எடுத்து விட்டுவிட்டேன். பெரியவருக்குத்தான் ஏமாற்றம். சட்டிக்கு ஆகும் என்று நினைத்திருப்பார்.

உங்கள் கதையையும் எழுதுங்கள்.

•

காஷ்மீரில் எனக்கு நடந்தது. அங்கே ஓடையைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், 'பீட்' என்று பெயர். எந்த நாள், எந்த பீட் என்று குறித்துத்தான் அனுமதி. நான் டாக்சி, அறை எல்லாம் பதிவு செய்துவிட்டு, பீட்டை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். போன இரண்டு நாளும் அது வேறொருவருக்கு ஒதுக்கியாகிவிட்டது. கரையில் உட்கார்ந்து அவர் பிடிப்பதைப் பார்த்தேன். நல்ல மனுஷர், டீ கொடுத்தார். சீசன் ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை. பீட்டை முதலில் வாங்குங்கள், டிக்கெட் அப்புறம்.

•

அண்ணே, நான் ஊட்டிக்காரன். அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சுப் பொரிப்பகம் 1907-இலேயே வந்துவிட்டது. வில்சன் என்ற வெள்ளைக்காரர் ஏற்பாடு. எங்கள் ஓடைகளில் நிலைத்தது ரெயின்போ என்ற இன்னொரு வகை ட்ரவுட். சின்ன வயதில் தாத்தாவோடு போய்ப் பாறைமேல் குப்புறப் படுத்துப் பார்ப்பேன். மூச்சு விட்டால்கூட ஓடிவிடும் என்பார். மேல் ஓடைகள் பல இப்போது முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள். ஊட்டிக்குக் கிளம்புகிறவர்கள் கோலைக் காரில் போடுவதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். ஒருவர் நேராக வந்து இறங்கி, சோதனைச்சாவடியிலேயே திரும்பிப் போனார்.

•

முதலில் எழுதியவன்தான். தம்பி, தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு. மார்ச் கடைசியில் மறுபடி தீர்த்தன் போகிறேன், ஜீப்பில் இரண்டு இடம் காலி. பழைய டென்னிஸ் ஷூ ஒரு ஜோடி கொண்டுவாருங்கள், செருப்போடு வந்தால் பாசிப் பாறையில் பல் போகும். தவழ வராதவர்கள் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து ராஜ்மா சாப்பிடலாம்.