டேட்டாபேஸ்ல டேபிள் ஸ்ப்ளிட் ஆகியும் (துண்டாப் பிரிஞ்சும்) ஒரு நோடு, அதாவது ஒரு சர்வர், மூச்சுமுட்டின கதை இருந்தா போடுங்க மக்கா

தோவாளைக்காரன்:
பூ மார்க்கெட் பில்லிங் ஆப்புக்கு நம்ம டீம்தான் பேக்கெண்டு, டேட்டாபேஸ் யுகபைட், மூணு நோடு. ஓணத்துக்கு முந்தி விடியக்காலம் கேரளா வண்டியா வந்து நிக்கும்லா, டாஷ்போர்டைப் பாத்தா ஒரு நோடு சிபியூ 97, மத்த ரெண்டும் ஒறங்குது. பில் போட்ட நேரம்தான் பிரைமரி கீ (ஒவ்வொரு பில்லுக்கும் அடையாளம்), அதுவும் ரேஞ்ச் ஷார்டிங், கீ வரிசைப்படி டேபிளைத் துண்டு போடுறது, அப்ப புது பில்லு பூரா கடைசி டேப்லெட்டுலதான (துண்டுக்குப் பேரு அது) விழும். கண்ணு முன்னாடி அந்த டேப்லெட் தானா ரெண்டா பிரிஞ்சுது, அப்பாடான்னு டீய எடுத்தேன், மறுபடி 97! பழைய பில்லு இருக்க பாதி சும்மா கெடக்கு, வாறதெல்லாம் மறுபாதிக்கே போவுது.

குளச்சல் கடப்புறம்:
ஹாஷ் (கீ-ய ஒரு நம்பரா மாத்திச் சிதறடிக்கிறது) போட்டிருந்தா தப்பிச்சிருப்பேன்னு நினைக்காதீங்க அண்ணே. எங்க மீன் ஏலத்துக்கு கசாண்ட்ரா டேட்டாபேஸ், துறைமுகமும் தேதியும் சேத்து பார்ட்டிஷன் கீ, எந்த பார்ட்டிஷன்ல (துண்டுல) விழணும்னு அதுதான் முடிவு பண்ணும். தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் கணவாயோட கரையேறின அன்னைக்கு ஏலம் பூரா ஒரே பார்ட்டிஷன்ல குவிஞ்சுது. ஒரு கீ ஒரே ஹாஷ்தான, அத எப்படிப் பிரிக்கும்? அதோட ரெப்ளிகா (நகல்) இருக்க மூணு நோடு மட்டும் அடி வாங்குது, ஏலக்காரர் போனை என் முகத்துக்கு நேரா நீட்டி "சுத்திக்கிட்டே இருக்கு பாருடே"ங்காரு.

மார்த்தாண்டம் டிபிஏ:
அதுக்கு ஹாஷ் என்ன செய்யும், கீ அப்படி. நான் பாத்தது ஹெச்பேஸ் டேட்டாபேஸ், சொல்லலன்னா புது டேபிள் ஒத்த ரீஜியன்லதான் (அங்க துண்டுக்கு அதான் பேரு) தொடங்கும், மொத்தமா டேட்டா ஏத்துற பல்க் லோடு பூரா ஒரே சர்வர்ல, அவ்வளவுதான் என் கதை. இனி கேளுங்க, தானா பிரியும்னு காத்திருக்கப்பிடாது, தொடங்கும்போதே பிரிச்சு வைக்கணும். யுகபைட்ல ஹாஷ் 0ல இருந்து 65535 வரைக்கும், டேபிள் உண்டாக்கும்போதே இத்தனை டேப்லெட்டுன்னு சொல்லிரலாம். நேரம்தான் கீ-ன்னா முன்னாடி ஒரு பக்கெட் நம்பர் (எந்தக் கூட்டம்னு சொல்ற சின்ன நம்பர்) சேருங்க, எழுதுறது பல டேப்லெட்டுக்குப் பிரியும், ஒவ்வொரு பக்கெட்டுக்குள்ளயும் நேர வரிசை அப்படியே நிக்கும். பிரிஞ்ச ரெண்டும் மொதல்ல அதே நோடுலதான் இருக்கும், நோடுகளுக்குச் சுமையைப் பங்குபோடுற பேலன்சர் நகத்தினாத்தான் உண்டு, அதையும் பாத்துக்கிடுங்க. கடப்புறத்துக்காரரே, நீங்க கீ-ல படகு நம்பரையும் சேருங்க.

குலசேகரம் ரப்பர்:
அண்ணே, அட்வைஸ் யாரு கேட்டா? பக்கெட் நாங்களும் போட்டோம், ஷீட் எடை ஏத்துறதுக்கு ஜோரா ஓடுது. சாயங்காலம் "இன்னைக்கு வாங்கின ஷீட்"னு ஒரு ரிப்போர்ட் எடுத்தா 16 பக்கெட்டையும் தட்டி, அடுக்கி, சேத்துல்லா தரணும். கடை மொதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிட்டு குனிஞ்சு எட்டிப் பாத்து "வந்துட்டா, வந்துட்டா"ங்காரு. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க பாப்போம்.