தினமும் கவிதை எழுதுகிறேன், மனசு இன்னும் கனக்கிறது. நிறுத்திவிடலாமா?

வெண்பலகை:

பத்து வருடத்துக்கும் மேலாகக் கூடவே இருந்த தோழி திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. ஒருநாள் "சரி" என்று ஒரு மெசேஜ், அதோடு முடிந்தது. யாராவது செத்துப்போனால் நாலு பேர் வந்து துக்கம் கேட்பார்கள். இதற்கு யார் கேட்பார்கள்? "ஃப்ரெண்டுதானே, விடு" என்கிறார்கள்.

மனசில் இருப்பதை எழுதிப் பாருங்கள் என்றார் மனநல ஆலோசகர். கட்டுரையாக எனக்கு வராது, கவிதையாகத்தான் வருகிறது. தூங்கப்போகும் முன் போனிலேயே எழுதுகிறேன். எழுதினால் லேசாகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு நேர்மாறு. எழுதி முடித்துவிட்டு வெகுநேரம் கொட்டக் கொட்ட முழித்துக் கிடக்கிறேன். சாம்பிளுக்கு ஒன்று:

நீ போன பின்னே
என் இதயம் உடைந்த கண்ணாடி
ஒவ்வொரு சில்லிலும்
உன் முகம்

கவிதை மருந்து என்பதெல்லாம் சும்மா பேச்சா? இல்லை, நான்தான் தப்பாகச் சாப்பிடுகிறேனா? வாட்ஸப்பில் அவள் பெயரை மேலே பின் செய்து வைத்திருந்தேன். இன்னமும் எடுக்கக் கை வரவில்லை. கீழே யார் யாரோ வந்து போகிறார்கள், அவள் மட்டும் நகராமல் உச்சியில் உட்கார்ந்திருக்கிறாள்.

மழைத்தூறல்:

நிறுத்தாதீங்க தோழி! கொட்டித் தீர்த்தாத்தான் பாரம் இறங்கும். நான் டைரி டைரியா எழுதித் தள்ளியிருக்கேன். காலம் எல்லாத்தையும் ஆத்தும். பி.கு.: கவிதை அருமை.

மெய்ப்புக்காரன்:

கவிதை அருமை இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு சிற்றிதழுக்கு வரும் கவிதைகளைப் படித்துப் பொறுக்குவது என் வேலை (வேலை என்றால் சம்பளம் கிடையாது). உடைந்த கண்ணாடி எங்களுக்கு வாராவாரம் வருகிறது. காதல் முறிந்தாலும் அதே கண்ணாடி, அப்பா இறந்தாலும் அதே கண்ணாடி. உங்கள் தோழி அதில் இல்லை. கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்களே, உச்சியில் நகராமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று. அங்கே இருக்கிறாள்.

ஏன் கனக்கிறது என்று கேட்டால் என் பதில் இதுதான். வலியைத் தயார்நிலையில் கிடைக்கிற வரியில் ஊற்றினால் வலி குறையாது, கூடவே "நமக்கு எழுதவும் வரவில்லை" என்ற எரிச்சலும் சேர்ந்துகொள்ளும். ராத்திரி பதினொரு மணிக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் தூக்கம் எங்கே வரும்?

பாரி இறந்த பிறகு அவன் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் 112ஆம் பாட்டு இருக்கிறது. பள்ளியில் படித்திருப்பீர்கள், மறுபடி எடுத்துப் பாருங்கள். ஐந்தே அடி. அப்பா போய்விட்டார், மலை போய்விட்டது. ஆனால் பாட்டில் கண்ணீர் இல்லை, நெஞ்சு இல்லை, ஐயோ இல்லை. போன மாத நிலவில் எங்களுக்கு என்ன இருந்தது, இந்த மாத நிலவில் என்ன இல்லை, அந்தக் கணக்கு மட்டும்தான். படிக்கிறவனுக்குத் தொண்டை அடைக்கிறது.

கத்தித்தான் ஆகவேண்டும் என்றால் குறுந்தொகை 28, ஔவையார் பாடியது. முட்டுவேனா, தாக்குவேனா, ஏதாவது சாக்கு வைத்துக் கூவுவேனா என்று கேட்கிறாள், தலைவனைப் பிரிந்து தவிக்கிற ஒருத்தி. ஆத்திரமெல்லாம் தன் நோய் தெரியாமல் தூங்கிக்கொண்டிருக்கும் ஊர்மேல். "ஃப்ரெண்டுதானே, விடு" என்றார்களே, அவர்கள்தான் அந்த ஊர்.

செய்யவேண்டியது: கண்ணாடியைத் தூக்கிப்போடுங்கள். வாட்ஸப்பை எழுதுங்கள். இதயம், மௌனம், சிறகு, நினைவுகள் எதுவும் வரக்கூடாது. பகலில் எழுதுங்கள். தினம் ஒன்று வேண்டாம், ஒன்றையே ஒரு வாரம் வைத்துத் திருத்துங்கள். எந்தச் சொல்லை எடுக்கலாம், எந்த வரியை மேலே கொண்டுபோகலாம் என்று மண்டையைக் குடைகிற அரை மணி நேரம் நீங்கள் அழுகிற ஆளாக இருக்கமாட்டீர்கள், வேலை செய்கிற ஆளாக இருப்பீர்கள். கவிதை செய்கிற வைத்தியம் என்று நான் கண்டது அவ்வளவுதான்.

அலைவரிசை:

நான் உளவியல் ஆலோசகர். மெய்ப்புக்காரன் சார் சொன்னதோடு கொஞ்சம் தகவல் சேர்க்கிறேன். எழுதினால் மனம் ஆறும் என்ற பேச்சு பெரும்பாலும் ஜேம்ஸ் பென்னபேக்கர், சான்ட்ரா பீல் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 1986ல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. கல்லூரி மாணவர்களை நாலு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய சம்பவத்தைப் பற்றி எழுத வைத்தார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது, ரத்த அழுத்தம்கூட ஏறியிருந்தது. பலன் தெரிந்தது அடுத்து வந்த மாதங்களில்: நடந்ததையும் அதை உணர்ந்த விதத்தையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆக, எழுதிய அன்றைக்கே உங்களுக்குக் கனத்ததில் விசித்திரம் ஒன்றும் இல்லை.

ஆனால் நாலு நாள் என்பதைக் கவனியுங்கள். முடிவே இல்லாமல் ஒவ்வொரு இரவும் எழுதச் சொல்லவில்லை. 2006ல் ஜோவான் ஃபிராட்டரோலி என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். பலன் உண்டு, ஆனால் சிறிது என்றுதான் வந்தது. அவற்றில் எழுத வைத்ததும் கவிதை இல்லை, பெரும்பாலும் சாதாரண எழுத்துதான்.

வாரக்கணக்கில் தூக்கம் வராமல் போனாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு தலைகாட்டினாலோ கவிதையை நம்பி உட்காராதீர்கள். நேராக மருத்துவரிடம் போங்கள். உங்கள் ஆலோசகரிடமும் "எழுதினால் முழித்துக் கிடக்கிறேன்" என்பதைச் சொல்லிவிடுங்கள், அவருக்குத் தெரியவேண்டிய விஷயம்.

வாய்விட்டுப்படி:

எனக்கு எழுத வராது, படிக்கத்தான் வரும். படபடப்பு வருகிற ஆள் நான். அப்போது மனப்பாடமாகத் தெரிந்த பழைய ஆசிரியப்பா ஒன்றை அடி அடியாக, அடிக்கு ஒரு மூச்சு விட்டு, வாய்விட்டுச் சொல்வேன். பொருளைக்கூட யோசிப்பதில்லை. யாப்போடு கூடிய கவிதையை உரக்கச் சொல்லும்போது இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் மூச்சும் இசைந்து போகின்றன என்று 2004ல் ஓர் ஆய்வு வந்தது (அவர்கள் எடுத்துக்கொண்டது ஹெக்ஸாமீட்டர் என்கிற பழைய கிரேக்க யாப்பு).

ஆனால் குறுந்தொகை 28ஐ இவருக்கு இப்போது பரிந்துரைப்பதில் எனக்குச் சம்மதமில்லை சார். ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1826ல், இருபது வயதில், மனச்சோர்வில் விழுந்தார். பைரனைப் படித்துப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கவிஞனின் மனநிலை தன்னுடையதைப் போலவே இருந்ததுதான் காரணம் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1828ல் இயற்கையைப் பாடிய வேர்ட்ஸ்வொர்த்தைப் படித்தபோதுதான் தெளிவு பிறந்தது. பிரிவில் தவிக்கிறவருக்குப் பிரிவுப் பாட்டையே கொடுப்பானேன்? மழை, மலை, காடு என்று எத்தனையோ இருக்கிறதே.

மெய்ப்புக்காரன்:

மில் விஷயம் நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 28ஐ விட்டுக்கொடுக்கமாட்டேன். அது சோகப் பாட்டு இல்லை, கோபப் பாட்டு. தோழி சொல்லாமல் கொள்ளாமல் போனவர்களுக்குக் கோபப்படவே யாரும் அனுமதி தருவதில்லை.

வெண்பலகை:

எல்லாருக்கும் நன்றி. ஆலோசகரிடம் சொல்லிவிட்டேன், ராத்திரி எழுதுவதை நிறுத்தச் சொன்னார். 28 படித்தேன். ஊர்மேல் கோபப்படலாம் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மழை, மலை இன்னும் ஆரம்பிக்கவில்லை, கட்டாயம் படிக்கிறேன். ஒரு வாரமாக ஒன்றையே வைத்துத் திருத்தியது இது:

போனின் உச்சியில்
உன் பெயரைக் குத்திவைத்தேன்
கீழே எல்லாரும்
வருகிறார்கள் போகிறார்கள்
நீ மட்டும்
"சரி" என்று சொல்லிவிட்டு
அசையாமல் இருக்கிறாய்
பாவம்

மெய்ப்புக்காரன்:

இது உங்களுடையது. "பாவம்" மட்டும் வேண்டாம், அதற்கு முந்தைய வரியிலேயே முடிந்துவிட்டது. "மட்டும்" வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

வெண்பலகை:

"மட்டும்" எடுத்துவிட்டேன். "பாவம்" இருக்கட்டும் சார். அதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்.

மெய்ப்புக்காரன்:

சிரிப்பு வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பாதீர்கள். பதில் வராவிட்டால் கவிதையும் சேர்ந்து கெட்டுப்போகும்.

மழைத்தூறல்:

அனுப்புங்க தோழி!! யார் கண்டா?