குதிரையின் வயிறும் நம் வீட்டு ஓமமும்: கைகண்ட அனுபவங்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து

சென்ற ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு பெட்டைக் குதிரை வாங்கினேன். கத்தியவார் கலப்பு, செவலை, ஏழு வயது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மாலை தீவனத் தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மேலுதட்டைச் சுருட்டியது, முன்காலால் தரையைக் கீறியது, திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது. காலையிலிருந்து லத்தி போடவில்லை என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

என் தாத்தா ஜட்கா ஓட்டியவர். அவர் செய்த கைமருந்து வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்: ஒரு பிடி ஓமம், சுண்டைக்காய் அளவு பெருங்காயம், கொஞ்சம் இந்துப்பு. வெல்லத்தோடு இடித்து உருண்டையாக்கி உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும். குதிரை தானாகத் தின்றால் சரி, தின்னாவிட்டால் கட்டாயப்படுத்தக் கூடாது. நல்லவேளையாகத் தின்றது. பிறகு தோட்டத்துப் பாதையில் அரைமணி நேரம் மெதுவாக நடத்தினேன். வாயு பிரிந்தது. இரவு ஒன்பது மணிக்கு லத்தி விழுந்தது. அதைப் பார்த்து நான் அடைந்த நிம்மதியைக் குதிரை வளர்க்காதவர்களுக்கு விளக்க முடியாது.

ஓமம் கேட்டதா, நடை கேட்டதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மறுநாள் வந்த மருத்துவர் ஓமத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “என்ன தீவனம் போடுகிறீர்கள்?” என்றுதான் கேட்டார். ஊறவைத்த கொள்ளும் தவிடும் காலை மாலை இரண்டு வேளை, நடுவில் கொஞ்சம் வைக்கோல் என்றேன். சந்தையில் என்ன தின்றுகொண்டிருந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விற்றவரிடம் பல்லைப் பற்றியும் சுழியைப் பற்றியும் அத்தனை கேள்வி கேட்டவன், தீவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செடி கொடி, விதை, மூலிகை என்று குதிரையின் வயிற்றுக்காக நீங்கள் கொடுத்துப் பார்த்தவற்றைச் சொல்லுங்கள். பலித்ததையும் சொல்லுங்கள், பலிக்காததையும் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து

எங்கள் தொழில் கடற்கரையில். எங்கள் குதிரைகளுக்கு மணல்தான் எமன். தரையில் போட்ட புல்லோடு மணலும் போகும். அது குடலின் அடியில் படிந்து படிந்து கனமாகி ஒருநாள் வழியை அடைத்துவிடும். என் மட்டக்குதிரை மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுவலியில் படுத்து எழுந்துகொண்டிருந்தது. நானும் ஓமம், சுக்கு, பெருங்காயம் என்று ஒன்று விடாமல் கொடுத்தேன். வலி அன்று தணியும், மறுமாதம் திரும்ப வரும்.

ஒரு பெரியவர்தான் சோதனை செய்யும் விதத்தைக் காட்டினார். தரையில் படாத லத்தி உருண்டைகள் ஐந்தாறை எடுத்து ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து அசையாமல் வைத்தோம். கால்மணி நேரத்தில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கடற்கரை மணல். கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். இத்தனை மணலைச் சுமந்துகொண்டா இத்தனை பேரை ஏற்றிச் சென்றாய் என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மருத்துவர் சொல்லி இசப்கோல் உமி கொடுக்கத் தொடங்கினோம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் என்று அவர் கணக்குச் சொன்னார். இருநூற்றைம்பது கிலோ எடையுள்ள என் குதிரைக்கு நாளுக்குக் கால் கிலோ. ஒரு வாரம் கொடுத்துவிட்டு மூன்று வாரம் நிறுத்த வேண்டும். விடாமல் கொடுத்தால் குடலில் உள்ள நுண்ணுயிரிகள் அந்த உமியையே செரிக்கப் பழகிவிடும், பிறகு பயன் குறைந்துவிடும் என்றார். தண்ணீரில் ஊறவிட்டால் கூழாகி வாயில் ஒட்டும், குதிரை துப்பிவிடும். நறுக்கிய கேரட்டில் லேசாக ஈரம் தெளித்து உமியைப் புரட்டி உடனே நீட்டுகிறேன். பக்கத்திலேயே நிறையத் தண்ணீர் வைக்கிறேன்.

ஆனால் உண்மையான மாற்றம் வந்தது தொட்டியால்தான். புல்லைத் தரையில் போடுவதை நிறுத்தி, தொட்டியில் போட்டு, அடியில் ரப்பர் விரிப்பும் போட்டோம். இப்போது அதே சோதனையில் அடியில் ஒரு சிட்டிகை மணல்தான் தெரிகிறது.

மதுரையிலிருந்து

உருண்டையைத் தின்ன மறுக்கும் குதிரைக்கு ஓமத்தைக் காய்ச்சிப் புட்டியில் ஊற்றி வாயில் விடலாமா? எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு அப்படித்தான் செய்வோம்.

பழனியிலிருந்து

தம்பி, தயவுசெய்து ஊற்றாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வண்டிக் குதிரைக்கு வயிறு உப்பியது. ஆளிவிதை எண்ணெயில் கொஞ்சம் கற்பூரத் தைலமும் பெருங்காயமும் கலந்து கொடுப்பது எங்கள் வழக்கம். நான்தான் தலையைத் தூக்கிப் பிடித்தேன், அப்பா நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூங்கில் குழாயால் ஊற்றினார். இரண்டு முறை இருமியது. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயிறு மறுநாளே சரியாகிவிட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல், மூக்கில் சளி, மூச்சில் ஒரு கெட்ட நாற்றம். எண்ணெய் நுரையீரலுக்குள் போயிருந்தது. ஆறாம் நாள் அதிகாலையில் லாயத்திலேயே போய்விட்டது. பதினொரு ஆண்டுகள் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட உயிர்.

மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, அது இரைப்பைக்குள்தான் போயிருக்கிறதா என்று பார்த்த பிறகே மருந்தை இறக்குவார். அது நமக்குத் தெரியாத வேலை. மாட்டுக்குச் செய்ததைக் குதிரைக்குச் செய்யாதீர்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

பழனி நண்பர் சொன்னதை ஒவ்வொரு லாயத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். அதோடு குதிரையின் வயிறு ஏன் இப்படி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் எந்த மூலிகையை எதற்கு நம்பலாம் என்பது தெளியும்.

அத்தனை பெரிய உடம்புக்கு இரைப்பை எட்டு முதல் பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் இரவும் பகலும் ஊறிக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ, மெல்லும்போது மட்டுமே சுரக்கும். ஆகவே வெறும் வயிற்றோடு மணிக்கணக்கில் நிற்கும் குதிரைக்குப் புண் வருவதில் வியப்பில்லை. குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. உள்ளே போனது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். கொள்ளும் தவிடும் ஒரே வேளையில் அதிகம் போனால் சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. வாயுவும் வலியும் அங்கிருந்துதான். சில குதிரைகளுக்கு அது குளம்பழற்சியில் கொண்டுபோய் விடும்.

ஓமம், பெருங்காயம், சோம்பு இவற்றைக் குதிரைகளில் முறையாகச் சோதித்த ஆய்வுகள் மிகக் குறைவு. லேசான மந்தத்துக்கு, குதிரை தானாகத் தின்னும் சிறு அளவை நான் தடுத்ததில்லை. ஆனால் கையை மார்பில் இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து இதயத் துடிப்பை எண்ணுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். அறுபதைத் தாண்டினாலோ, ஈறு வெளுத்தாலோ சிவந்து கறுத்தாலோ, விலாவில் காதை வைத்தால் குடல் இரைச்சலே கேட்காவிட்டாலோ, குதிரை விழுந்து புரண்டாலோ உருண்டை பிடிக்கும் நேரம் அதுவல்ல. கைமருந்துக்குக் கேட்கும் என்று காத்திருந்த மூன்று மணி நேரத்தில் முறுக்கிய குடல் செத்துப்போனதை நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன்.

இயற்கையானது என்பதாலேயே எதையும் கொடுத்துவிடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் தொடர்ந்து அதிகமாகப் போனால் குதிரையின் சிவப்பணுக்கள் சிதையும். அரளி இன்னும் கொடியது. பத்து இருபது இலை ஒரு குதிரையைக் கொல்லப் போதும், காய்ந்த இலைக்கும் அதே நஞ்சு உண்டு. நெடுஞ்சாலை நடுவில் வரிசையாக அரளிதானே நிற்கிறது? அந்த ஓரத்தில் அறுத்த புல்லை வாங்கும்போது பிரித்துப் பாருங்கள்.

ஊட்டியிலிருந்து

எங்களுக்கு மார்கழி, தை மாதங்களில்தான் தொல்லை. குளிரில் குதிரை தண்ணீரே குடிக்காது, லத்தி கல்லாக இறுகிவிடும். மூலிகை எதுவும் தேடாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கை உப்பு, ஊறிய வெந்தயம் ஒரு பிடி போட்டு வைக்கிறேன். வெந்தய வாசனைக்கு வாளியையே நக்கிவிடும். சுற்றுலா வருபவர்கள் அன்பினால் நீட்டும் ரொட்டியை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுகிறேன்.

துபாயிலிருந்து

இங்கே ஒரு லாயத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குதிரை பராமரிப்பு வேலை. நம் ஊரில் உருண்டை என்றால் இங்கே டப்பா. சீமைச் சாமந்தி, புதினா, அதிமதுரம், ஆளிவிதை எல்லாம் பொடியாக அடைத்து வருகிறது. புதினா கலந்த தீவனத்தைச் சோர்ந்த குதிரையும் ஆவலாகத் தின்னும், அதை நானே பார்த்திருக்கிறேன். ஆளிவிதையை மட்டும் எங்கள் தலைமைப் பராமரிப்பாளர் பழைய வழக்கப்படி கொதிக்கவைத்த பிறகே கொடுக்கச் சொல்வார். பச்சையாக ஊறினால் அதில் சயனைடு உண்டாகக்கூடும்.

போட்டிக்குப் போகும் குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2008 ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது சில குதிரைகளின் உடலில் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் இருப்பது தெரிந்து தகுதிநீக்கம் செய்தார்கள். நார்வே அணி வெண்கலப் பதக்கத்தையே இழந்தது. மிளகாயும் செடியில் காய்ப்பதுதான். டப்பாவில் என்னென்ன இருக்கிறது என்று முழுதாகப் படிக்காமல் நான் இப்போது எதையும் திறப்பதில்லை.

மீண்டும் கோபிசெட்டிபாளையத்திலிருந்து

எல்லோருக்கும் நன்றி. பழனி அண்ணா, உங்கள் குதிரையைப் பற்றிப் படித்த இரவு நான் லாயத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நான் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். கொள்ளைப் பாதியாகக் குறைத்து மூன்று வேளையாகப் பிரித்தேன், தவிட்டையும் குறைத்தேன். அருகம்புல்லும் சோளத்தட்டும் எந்நேரமும் தொட்டியில் கிடக்கின்றன. ஐப்பசியில் கிணற்றடியில் மூன்று சென்டில் குதிரை மசால் விதைத்தேன். பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் பயிரை மாட்டுக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்தோம்! அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் புரதமும் இரைப்பை அமிலத்தைத் தணிக்கும் என்று மருத்துவர் சொன்னார். எழுபத்தைந்து நாளில் முதல் அறுப்பு. திடீரென்று நிறையப் போடாமல் ஒரு பிடியில் தொடங்கி இரண்டு வாரத்தில் கூட்டினேன். சேணம் போடுவதற்கு அரைமணி நேரம் முன்னால் ஒரு கட்டு போட்டுவிடுகிறேன், வெறும் வயிற்றில் ஓட்டுவதில்லை.

ஓம டப்பா இன்னும் லாயத்து மாடத்தில் இருக்கிறது. பக்கத்தில் மருத்துவரின் எண்ணையும் இதயத் துடிப்புக் கணக்கையும் சுவரில் எழுதிவைத்திருக்கிறேன். இன்று காலை எண்ணியபோது 36. நான் எண்ணி முடிப்பதற்குள் பொறுமை இழந்து, மசால் கட்டு இருக்கும் பக்கம் என்னைத் தோளால் தள்ளியது.